போலீஸ் முத்திரை அடித்த காகிதத்தால் வீடு உங்கள் பெயருக்கு மாறாது

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த்தில் இன்னும் எத்தனையோ வீடுகள் தாத்தா பெயரிலேயே இருக்கின்றன. தாத்தா போய், அப்பா போய், மூன்றாவது தலைமுறை குடியிருந்து ரேட்ஸ் (மாநகராட்சி வீட்டு வரி) கட்டிக்கொண்டிருக்கும், பத்திரத்தில் மட்டும் பழைய பெயர். எங்கள் வீடும் அப்படித்தான். அந்தப் பெயரை மாற்றித் தருகிறேன் என்று வந்த ஒருவர் எங்களிடம் 32,500 ராண்ட் வாங்கிக்கொண்டு, அசல் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு, ஒன்றுக்கும் உதவாத காகிதங்களைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இன்னொரு குடும்பத்துக்கு இது நடக்கக் கூடாது என்பதால்தான் எழுதுகிறேன்.

தாத்தா டர்பன் மாநகராட்சியில் வேலை பார்த்தவர். மேகஸின் பேரக்ஸ் என்ற மாநகராட்சித் தொழிலாளர் குடியிருப்பில் இருந்தவர்களை அறுபதுகளில் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பியபோது இந்த வீட்டுக்கு வந்தார். மாதாமாதம் தவணை கட்டி, 1983இல் பத்திரம் கைக்கு வந்தது. அதை ஒரு பிஸ்கட் டின்னில் வைத்து ஆயா (பாட்டி) சாமி அறையில் பத்திரப்படுத்தியிருந்தார். ஆயா 1989இல் இறந்தார், தாத்தா 1996இல். உயில் எழுதவில்லை. அப்பாவும் அத்தையும் பேசி, வீட்டில் அப்பா இருப்பது என்று முடிவானது. எழுத்தில் ஒன்றும் இல்லை. அண்ணன் தங்கைக்குள் எழுத்து எதற்கு என்று இருந்துவிட்டார்கள். 2017இல் அப்பாவும் போய்விட்டார்.

2019இல் அந்த மனிதர் வந்தார். கோயிலில் பழக்கமான ஒருவர் சொல்லி அனுப்பியவர் என்பதால் அம்மா உட்கார வைத்து டீ கொடுத்தார். கையில் நீலக் கோப்பு, சட்டைப் பையில் ஏதோ அடையாள அட்டை. "ஆன்ட்டி, மேரிட்ஸ்பர்க் டீட்ஸ் ஆபீஸில் எனக்கு ஆள் இருக்கு. வக்கீலிடம் போனால் அறுபதாயிரம் கேட்பான், நான் பாதியில் முடிக்கிறேன்" என்றார். டீட்ஸ் ஆபீஸ் என்பது சொத்துப் பத்திரங்களைப் பதியும் அரசு அலுவலகம். அம்மா தயங்கியதும் அடுத்த வார்த்தையை எடுத்தார்: "உங்க கல்யாணம் கோர்ட்டில் பதிவாகாத கல்யாணம்தானே? இப்படியே விட்டால் கவர்ன்மென்ட் வீட்டை எடுத்துக்கும்."

அம்மாவுக்கு 1974இல் தமிழ் முறைப்படி தாலி கட்டிக் கல்யாணம். பதிவு செய்யவில்லை. அந்த ஒரு பயத்தில்தான் அவர் விழுந்தார். அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்து முறைப்படி மட்டும் திருமணமாகி, கணவர் உயில் எழுதாமல் இறந்துபோன ஒரு பெண்ணின் வழக்கில், அவரும் வாரிசுச் சட்டப்படி மனைவிதான் என்று டர்பன் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிப் பல வருடங்கள் ஆகின்றன. உயில் இல்லாவிட்டால் 1987ஆம் வருட வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. மனைவிக்கு ஒரு பிள்ளையின் பங்கு அல்லது 250,000 ராண்ட், இவற்றில் எது அதிகமோ அது. மனைவியும் பிள்ளைகளும் இருக்கும்போது அரசாங்கம் வந்து வீட்டை எடுத்துக்கொள்ளாது. இது எனக்கு அன்றைக்கே தெரிந்திருந்தால் அவரை வாசலோடு அனுப்பியிருப்பேன்.

பணம் மூன்று தவணையாகப் போனது. முதலில் 6,500, அப்புறம் 12,000, கடைசியில் 14,000. மூன்றும் ஒரு தனிமனிதரின் வங்கிக் கணக்குக்குத்தான் போயின. கட்சிக்காரர்களின் பணத்தைத் தனியாக வைக்கும் வக்கீலின் ட்ரஸ்ட் கணக்கு என்று ஒன்று இருப்பதே அப்போது எங்களுக்குத் தெரியாது. "அத்தைக்குச் சொல்ல வேண்டாம், சொன்னால் பங்கு கேட்பாங்க" என்று அவர் சொன்னதை அம்மா நம்பியதுதான் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். அத்தைக்கு அந்த வீட்டில் சரிபாதி உரிமை. அவரை மறைத்து எதையும் சட்டப்படி செய்யவே முடியாது.

இரண்டு மாதத்தில் நீலக் கோப்பு வந்தது. உள்ளே மூன்று காகிதங்கள். ஒன்று, வீடு இனி அம்மாவுக்குச் சொந்தம் என்று அம்மாவே கையெழுத்திட்ட அஃபிடவிட், அதில் காவல் நிலையத்தின் முத்திரை. இரண்டாவது, அம்மா பெயருக்கு மாறிய மின்சார பில். மூன்றாவது, மேலே அரசு இலச்சினை போட்ட ஒரு "சான்றிதழ்". அதைப் பிற்பாடு ஓர் உண்மையான பத்திரத்தோடு வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இலச்சினையின் ஓரம் ஜெராக்ஸில் தேய்ந்து கறுத்திருக்கிறது. உண்மையான பத்திரத்தில் முதல் பக்கத்து மேல் வலது மூலையில், இதைத் தயாரித்தது நான் என்று கன்வேயன்சர் (சொத்து மாற்றத்தைப் பதிவு செய்து தரும் வக்கீல்) கையெழுத்திட்டிருப்பார். T என்ற எழுத்தில் தொடங்கி, ஓர் எண், ஒரு சாய்கோடு, வருடம் என்று பத்திர எண் இருக்கும். எங்களுக்குக் கொடுத்ததில் கன்வேயன்சர் பெயரே இல்லை. எண்ணில் வருடமும் இல்லை.

அம்மா அந்தக் கோப்பைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டினார்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் பின்பக்கத் தாங்குசுவர் சரிந்து விழுந்தது. கட்டுவதற்கு வீட்டின் மேல் கடன் கேட்டு அம்மாவோடு வங்கிக்குப் போனேன். அங்கே வேலை பார்த்த பெண் கணினியில் தேடிவிட்டுத் தாத்தாவின் பெயரைப் படித்தார். "இவர் யார்?" என்று கேட்டார். அம்மா நீலக் கோப்பைத் திறந்து மேசை மேல் வைத்தார். அந்தப் பெண் ஒவ்வொரு காகிதமாகப் புரட்டி, மெதுவாக மூடி, அம்மாவின் கையைத் தொட்டு, "ஆன்ட்டி, உடனே ஒரு வக்கீலைப் பாருங்க" என்றார். அந்தத் தேடலை எடுக்க வங்கி தேவையே இல்லை. டீட்ஸ் ஆபீஸ் பதிவேடு யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடியது. சிறிய கட்டணம் கட்டினால் வீடு யார் பெயரில் இருக்கிறது, அதன் மேல் பாண்ட் (அடமானக் கடன்) இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். மூன்று வருடம் முன்பே ஒரு தேடல் எடுத்திருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருப்பார்.

அதற்குப் பிறகு பலரும் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கு, நான் வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

பில் என் பெயரில் வருகிறதே, வீடு என்னுடையதுதானே? இல்லை. ரேட்ஸ், தண்ணீர், மின்சாரம் யார் பெயரில் வந்தாலும் அது உரிமை ஆகாது. டீட்ஸ் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்துக்கு அந்த அலுவலகம் மேரிட்ஸ்பர்க்கில் இருக்கிறது. அஃபிடவிட் என்பது, நான் சொல்வது உண்மை என்று நீங்கள் செய்யும் சத்தியம், அவ்வளவுதான். போலீஸ்காரர் உங்கள் கையெழுத்தைச் சாட்சியாகப் பார்த்து முத்திரை அடிக்கிறார். வீட்டை மாற்றும் அதிகாரம் அவருக்குக் கிடையாது.

மாமாவிடம் வாங்கினேன், அவர் கடிதம் எழுதிக் கொடுத்தார், போதாதா என்று ஒரு பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். 1981ஆம் வருடச் சட்டப்படி நில விற்பனை எழுத்தில் இருந்து, இரண்டு பேரும் கையெழுத்திட்டிருக்க வேண்டும். ஆனால் அது ஒப்பந்தம் மட்டும்தான். பதிவாகும் நாள் வரை வீடு மாமாவுடையதே. விற்பனை என்றால் வாங்குபவர் டிரான்ஸ்ஃபர் டியூட்டி கட்ட வேண்டியிருக்கும். 2025 ஏப்ரல் 1 முதல் 1,210,000 ராண்ட் வரையிலான விலைக்கு அந்த வரி இல்லை. வாரிசாக வரும் வீட்டுக்கு எவ்வளவு மதிப்பானாலும் இல்லை. எங்களை ஏமாற்றியவர் "வரி" என்று சொல்லித்தான் அந்த 12,000 ராண்டை வாங்கினார்.

ஊரிலிருந்து வந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் பத்திரப் பதிவு என்றால் நாமே சார்பதிவாளர் அலுவலகம் போய்க் கையெழுத்துப் போட்டுக் கைரேகை வைக்கிறோம். தென்னாப்பிரிக்காவில் அப்படி இல்லை. நாம் கன்வேயன்சரின் அலுவலகத்தில் அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்திடுகிறோம், அவர்தான் நமக்காகப் பதிவாளர் முன் நிற்கிறார். அந்த அலுவலகத்தை நாம் கண்ணால் பார்ப்பதே இல்லை. "எனக்கு உள்ளே ஆள் இருக்கு" என்பவர்களுக்கு வசதியாகிப் போவது இதுதான். கன்வேயன்சர் என்பவர் வக்கீலாக இருந்து, அதற்கென்று தனித் தேர்வும் எழுதி அனுமதி பெற்றவர். வேறு யாரும் இந்த மாற்றத்தைச் செய்ய முடியாது.

வக்கீல்களைப் பதிவு செய்யும் லீகல் பிராக்டிஸ் கவுன்சிலுக்கு நாங்கள் எழுதினோம். அப்படி ஒருவர் பதிவிலேயே இல்லை என்று தெரிந்தது. அதனால் இன்னொரு கதவும் மூடியது. உண்மையான வக்கீல் தன் ட்ரஸ்ட் கணக்கில் வந்த பணத்தைத் திருடினால் அதற்கு ஈடு கேட்க ஃபிடிலிட்டி ஃபண்ட் என்று ஒரு நிதி இருக்கிறது. வக்கீலே இல்லாதவரிடம் கொடுத்த பணத்துக்கு அது வராது. ஆகவே பணம் கொடுக்கும் முன் அந்த வருடத்து ஃபிடிலிட்டி ஃபண்ட் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். நேர்மையான வக்கீல் கோபித்துக்கொள்ள மாட்டார். சரியான வக்கீலைப் பிடித்த பிறகும் ஒன்றில் கவனம் வேண்டும். "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று வக்கீல் பெயரில் மின்னஞ்சல் வந்தால், அதில் உள்ள எண்ணைக் கூப்பிடாமல், முதல் நாள் நேரில் வாங்கிய எண்ணைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுப் பணம் அனுப்புங்கள்.

தாத்தா பெயரில் உள்ள வீட்டை மாற்ற வழி, இறந்தவர்களின் சொத்து விவகாரங்களைக் கவனிக்கும் மாஸ்டர் அலுவலகத்தில்தான் தொடங்குகிறது. இறப்பைப் பதினான்கு நாளுக்குள் அங்கே தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். நாங்கள் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் தாமதம், ஆனாலும் ஏற்றுக்கொண்டார்கள். சொத்து 250,000 ராண்டுக்கு மேல் என்றால் இறந்தவரின் சொத்தைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பாளரான எக்ஸிகியூட்டரின் நியமனக் கடிதம் வேண்டும். எங்களுக்கு இரண்டு இறப்பு, இரண்டு எஸ்டேட் (இறந்தவர் விட்டுப்போன சொத்து). தாத்தாவுடையதற்கு அத்தை எக்ஸிகியூட்டர், அப்பாவுடையதற்கு அம்மா. கடன்காரர்களுக்கு அரசிதழிலும் செய்தித்தாளிலும் அறிவிப்பு, முப்பது நாள். எஸ்டேட் கணக்கை 21 நாள் பார்வைக்கு வைக்க வேண்டும். பிறகு மாநகராட்சிக்குப் பாக்கி இல்லை என்ற ரேட்ஸ் கிளியரன்ஸ் சான்றிதழ், அதற்கு ஆயுள் 60 நாள்தான், அதற்குள் பதிவு முடியாவிட்டால் மறுபடி வாங்க வேண்டும். எக்ஸிகியூட்டர் கட்டணம் சொத்து மதிப்பில் 3.5 சதவீதம் வரை, அதைப் பேசிக் குறைக்கலாம். அசல் பத்திரம் அந்த மனிதரோடு போய்விட்டதால், தொலைந்ததாக அஃபிடவிட் கொடுத்து, செய்தித்தாளில் அறிவித்து, இரண்டு வாரம் காத்திருந்து சான்றிட்ட நகல் வாங்கினோம்.

இத்தனைக்கும் முன்னால் அத்தை வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. டோங்காட்டில் அவர் வீட்டு வராந்தாவில் அம்மா எல்லாவற்றையும் சொல்லி அழுதார். அத்தை வெகுநேரம் பேசவில்லை. "என்கிட்ட கேட்டிருந்தா நானே வந்து கையெழுத்துப் போட்டிருப்பேனே, அண்ணி" என்றார். ஆறேழு மாதம் போன் எடுக்கவில்லை. அடுத்து வந்த ஈஸ்டருக்கு இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்கும் எங்களோடு வரவில்லை. அப்புறம் ஒரு நாள் தன் ஐடி புத்தகத்தோடு தானே வந்து நின்றார்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்து எண் வாங்கியிருக்கிறோம். பணம் ஒரு ராண்டும் திரும்பவில்லை. அவர் இப்போது ஃபீனிக்ஸ் பக்கம் போய்க்கொண்டிருப்பதாகக் கேள்விப்படுகிறேன். கோயில் பழக்கம் சொல்லிக்கொண்டுதான் வருவார், மேரிட்ஸ்பர்க்கில் ஆள் இருக்கிறது என்பார், உங்கள் கல்யாணத்தைப் பற்றிக் கேட்பார், அசல் பத்திரத்தை ஒரு வாரத்துக்கு என்று கேட்பார். கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் இந்த வாரமே ஒரு டீட்ஸ் தேடல் எடுங்கள், காகிதங்களைக் கிழிக்காமல் வைத்திருங்கள், வங்கியில் பணம் அனுப்பிய சீட்டுகளோடு போய்ப் புகார் கொடுங்கள்.