கை படாத 14 வரிகள்: ஒரு தொழில்முறைத் தொடர்புத் தளத்துடன் 11 ஆண்டுகள்

முன்பு என்னுடன் ஒரே ஆய்வகத்தில் பணியாற்றிய இளையவள் ஒருத்தி சென்ற வாரம் தொலைபேசியில் கேட்டாள்: “அக்கா, அந்தத் தொழில்முறைத் தொடர்புத் தளத்தின் கட்டணச் சந்தாவைப் பாதி விலைக்குத் தருகிறோம் என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. எடுத்துக்கொள்ளட்டுமா? உங்களுக்கு இப்போதைய வேலை அதன் வழியாகத்தானே கிடைத்தது?” வேண்டாம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தபோது, அந்தப் பதில் அவளுக்கும் நியாயம் செய்யவில்லை, தளத்துக்கும் நியாயம் செய்யவில்லை என்று பட்டது. நான் அதை 11 ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். அவற்றில் 3 ஆண்டுகள் பணம் கட்டியே பயன்படுத்தினேன். வேலை கிடைத்ததும் உண்மை. அப்படியிருந்தும் அதைத் திறக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு கோபம் எழுகிறது. அதன் காரணத்தை விளக்காமல் வேண்டாம் என்று மட்டும் சொல்வது முறையல்ல என்பதால் இதை எழுதுகிறேன். கணக்குத் தொடங்குவது, படம் ஏற்றுவது, அழைப்பு அனுப்புவது போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன். தளத்தின் பெயரையும் குறிப்பிடப் போவதில்லை.

என் கோபமெல்லாம் ஒரே ஒரு பொத்தானின் மீதுதான். நம் தொடர்பில் இருக்கும் ஒருவர் ஒரு நிறுவனத்தில் சேர்ந்து ஓராண்டு, இரண்டாண்டு நிறைவு செய்தால் தளம் நமக்கு அறிவிக்கிறது. அறிவிப்புடன் நின்றுவிட்டால் நன்றி சொல்லியிருப்பேன். அதனடியிலேயே ‘பணி ஆண்டு நிறைவுக்கு வாழ்த்துகள்!’ என்ற வாக்கியத்தையும் ஆயத்தமாக வைத்திருக்கிறது. தொட்டால் போதும், போய்ச் சேர்ந்துவிடும். அதைப் பெறுபவருக்கோ ‘நன்றி!’ என்ற சொல் ஆயத்தமாகக் காத்திருக்கிறது. முதல் சில ஆண்டுகள் இது எனக்கு வசதியாகவே இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். காலையில் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் நான்கைந்து பேருக்கு வாழ்த்துச் சொல்லி முடித்துவிடுவேன். தொடர்புகளைப் பேணுகிறோம் என்ற நிறைவும் இருந்தது.

2 ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் ஆய்வகத்தின் அளவுத்திருத்தப் பிரிவு (அளவுக் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்துத் திருத்தும் பிரிவு) மூடப்பட்டு, 9 பேர் வேலையிழந்தோம். யாருக்கெல்லாம் எழுதலாம் என்று பட்டியல் போட்டபோது முதலில் நினைவுக்கு வந்தவர், எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த முதல் மேலாளர். அழுத்தமானியை எப்படிப் பிடிக்க வேண்டும், அளவீட்டு ஐயப்பாட்டை, அதாவது ஓர் அளவு எவ்வளவு தவறக்கூடும் என்பதை, எப்படிக் கணக்கிட வேண்டும், வாடிக்கையாளரிடம் ‘உங்கள் கருவி பழுது’ என்பதை எப்படி மரியாதையாகச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அவரிடம் கற்றவைதான். செய்திப் பெட்டியைத் திறந்தேன். மேலிருந்து கீழ்வரை 14 வரிகள் இருந்தன. வாழ்த்துகள், நன்றி, வாழ்த்துகள், நன்றி என்று 7 ஆண்டுகளின் பதிவு. என்னை ஒருநாளும் ‘என்னம்மா’ என்று தொடங்காமல் பேசியறியாத மனிதர், அந்தத் திரையில் 7 முறையும் ஒரே எழுத்துருவில், ஒரே ஆச்சரியக்குறியுடன் ‘நன்றி!’ என்றிருந்தார். நான் அனுப்பியிருந்தவையும் அப்படித்தான். 14 வரிகளில் ஒன்றுகூட எங்கள் இருவரின் கையாலும் எழுதப்பட்டதில்லை.

அவற்றுக்குக் கீழே வெற்றுக் கட்டத்தில் கோடு மின்னிக்கொண்டிருந்தது. ‘ஐயா, எனக்கு வேலை போய்விட்டது’ என்று எழுதினேன், அழித்தேன். ‘நலமாக இருக்கிறீர்களா’ என்று எழுதினேன், அதையும் அழித்தேன். 7 ஆண்டுகளாக ஒரு சொல்லும் இல்லாமல் இருந்திருந்தால், ‘இத்தனை காலம் எழுதாமல் இருந்துவிட்டேன், மன்னியுங்கள்’ என்று உண்மையைச் சொல்லித் தொடங்கியிருக்கலாம். அந்த ஒரு வாசலையும் 14 வரிகள் அடைத்துவிட்டன. தொடர்பில் இருந்தோம் என்று திரை சாட்சி சொல்கிறது. இருக்கவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அன்று அவருக்கு எழுதவில்லை.

பொத்தானின் மேல் பழிபோடுவது எளிது, அழுத்திய விரல் உன்னுடையதுதானே என்று கேட்கலாம். பாதி உண்மை. நினைவூட்டல் இல்லாவிட்டால் அவர் எந்த நிறுவனத்தில் இருக்கிறார் என்பதே எனக்குத் தெரிந்திராது என்பதும் உண்மை. ஆனால் ஒரு வாழ்த்து வாழ்த்தாவது, அதைச் சொல்ல ஒருவர் ஒரு நிமிடமாவது நம்மை நினைத்தார் என்பதால்தான். அந்த ஒரு நிமிடத்தைத் தளம் மிச்சப்படுத்திக் கொடுக்கும்போது, ஒப்புக்குச் சொன்னது என்பது இரு தரப்புக்கும் தெரிந்துவிடுகிறது. அதைவிடக் கெடுதல், கடமை முடிந்தது என்ற எண்ணத்தை அது நமக்குக் கொடுத்துவிடுவது. வாழ்த்து அனுப்பிய அந்த ஆண்டுகளில் அவர் அழுத்த அளவீட்டிலிருந்து பாய்ம ஓட்ட அளவீட்டுக்கு, அதாவது திரவமும் வாயுவும் ஓடும் அளவை அளக்கும் வேலைக்கு, மாறியிருந்தார். ஏன் மாறினீர்கள் என்று நான் கேட்கவே இல்லை.

இத்தகைய தளங்களின் பயனுக்குச் சான்றாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஆய்வு, சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வெளியிட்டது. தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று அவர் கேட்டார். வாரத்துக்கு இரண்டு முறையாவது பார்ப்பவர் மூலம் பெற்றவர்கள் 16.7 விழுக்காடுதான், எப்போதாவது பார்ப்பவர் மூலம் 55.6 விழுக்காடு, ஆண்டுக்கு ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோ பார்ப்பவர் மூலம் 27.8 விழுக்காடு. நெருக்கமானவர்களுக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததே. தூரத்தில் இருப்பவரே புதிய செய்தி கொண்டுவருகிறார் என்பது அவருடைய விளக்கம். இதை வைத்துக்கொண்டு ‘தொடர்புகளைப் பெருக்குங்கள்’ என்று பலரும் அறிவுரை சொல்கிறார்கள். ஆனால் அவர் கண்ட அந்தத் தூரத்து மனிதர்கள் யார்? பழைய கல்லூரித் தோழர், முன்பு உடன் பணியாற்றியவர் போன்றோர். அவர்கள் நம்மைப் பார்த்தவர்கள், பழகியவர்கள். அழைப்பு வந்ததும் ஏற்றுக்கொண்ட முகமறியாதவரை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

2022-இல் சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வு ஒன்று, லிங்க்ட்இன் தளத்தின் சுமார் 2 கோடி பயனர்களை 5 ஆண்டுகள் கவனித்து, இதை இன்னும் நுட்பமாகக் காட்டியது. மிக நெருங்கியவரும் மிக விலகியவரும் அந்த அளவுக்கு உதவுவதில்லை. ஓரளவு விலகியிருப்பவரே, அதாவது நமக்கும் அவருக்கும் பொதுவாகச் சிலரைத் தெரிந்திருக்கும் நிலையில் இருப்பவரே, வேலை மாற்றத்துக்கு அதிகம் துணைசெய்கிறார். கணினி சார்ந்த துறைகளில் தூரத்துத் தொடர்பும், அவ்வளவாகக் கணினிமயமாகாத துறைகளில் நெருக்கமான தொடர்பும் கூடுதலாகப் பயன்படுகின்றன என்பதும் அதில் உண்டு. கருவியைக் கையில் எடுத்துத் திருத்தும் என்னைப் போன்றவர்கள் மனத்தில் வைக்க வேண்டிய செய்தி இது. அதைப் படித்த ஒரு மாலையில் என் தொடர்புப் பட்டியலில் இருந்த 1,140 பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தேன். இவர் இப்போது என்ன சிக்கலோடு மல்லுக்கட்டுகிறார் என்று என்னால் சொல்ல முடிந்தது 86 பேரைப் பற்றித்தான்.

இனி, வேலை எப்படிக் கிடைத்தது என்பதைச் சொல்ல வேண்டும். இங்குதான் தளத்தை மனமாரப் பாராட்டுகிறேன். 6 ஆண்டுகளுக்கு முன்பு, தளத்தின் தொழில்நுட்பக் குழு ஒன்றில் முன்பின் அறியாத ஒருவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். அவருடைய உலையில் பொருத்திய ‘கே’ (K) வகை தெர்மோகப்பிள், அதாவது வெப்பநிலையை அளக்கும் கம்பி உணரி, சில மாதங்களில் ஓரிரு டிகிரி தவறாகக் காட்டுகிறது. கழற்றி ஆய்வகத்துக்கு அனுப்பினால் சரியாக இருப்பதாகச் சான்றிதழ் வருகிறது. யாரை நம்புவது என்பது கேள்வி. வேறு சிலர் புதிதாக வாங்குங்கள் என்று ஒரு வரியில் சொல்லியிருந்தார்கள். நான் உட்கார்ந்து விரிவாக எழுதினேன். சுமார் 300 முதல் 550 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் நெடுநேரம் இருக்கும்போது கே வகைக் கம்பியின் உலோகக் கலவைக்குள் அணுக்களின் அடுக்கு மெல்ல மாறுகிறது. கம்பியின் எந்தப் பகுதி அந்த வெப்பத்தில் இருந்ததோ அந்தப் பகுதி மட்டும் மாறுவதால், கழற்றி வேறோர் உலையில் வேறோர் ஆழத்தில் செருகிச் சோதித்தால் பிழை ஒளிந்துகொள்ளும். ஆகவே இருந்த இடத்திலேயே வைத்துச் சரியான இன்னொன்றுடன் ஒப்பிட்டுப் பாருங்கள், இல்லையென்றால் இந்தக் குறையைக் குறைப்பதற்காகவே உருவாக்கப்பட்ட ‘என்’ (N) வகைக்கு மாறுங்கள் என்றேன். 3 வாரம் கழித்து அவர் ஒரு வரைபடத்துடன் பதில் எழுதினார். இரண்டு கோடுகள் விலகிப்போய், பிறகு ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்த அந்த வரைபடத்தை இன்றும் வைத்திருக்கிறேன்.

அதன்பின் இந்த 6 ஆண்டுகளில் நாங்கள் பரிமாறிக்கொண்டவை மொத்தம் ஐந்து செய்திகள் இருக்கலாம். ஐந்தும் நீண்டவை, ஐந்திலும் வாழ்த்து என்ற சொல் கிடையாது. நான் வேலை தேடுகிறேன் என்று பக்கத்தில் குறித்த மறுநாளே, ‘அந்த உலையைப் பற்றி எழுதியவர் நீங்கள்தானே’ என்று கேட்டு எழுதினார்; புதிதாக ஆய்வகம் அமைத்துக்கொண்டிருந்த தம் நண்பரிடம் என்னை அனுப்பினார். நேர்காணலில் என் தகுதியைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. என் பதிலை அந்த நண்பர் ஏற்கெனவே படித்திருந்தார். முகமறியாத ஒருவர் நம் வேலையை, நாம் யோசிக்கும் விதத்தை, பல ஆண்டுகள் கழித்தும் தேடி எடுத்துப் பார்க்க முடிகிறது என்பது இத்தளங்கள் வந்தபிறகுதான் எங்களைப் போன்ற சிறு துறையினருக்கு வாய்த்திருக்கிறது. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

சந்தாவைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. நம் பக்கத்தை யார் பார்த்தார்கள் என்று தெரியும். தொடர்பில் இல்லாதவருக்கும் செய்தி அனுப்பலாம். அப்படி 22 பேருக்கு அனுப்பினேன். மூவரிடமிருந்து பதில் வந்தது. அந்த மூவருக்கும் அவர்கள் வெளியிட்டிருந்த குறிப்பிட்ட ஒரு வேலையைப் பற்றிக் கேட்டிருந்தேன். மற்ற 19 பேருக்கும் என்னைப் பற்றியே எழுதியிருந்தேன். திறன் ஒப்புதல் என்ற வசதியும் ஆயத்தப் பொத்தானுக்கு உடன்பிறந்ததுதான்: என் வேலையைக் கண்ணால் காணாதவர்கள் எனக்குச் சான்று கொடுத்திருக்கிறார்கள். மாறாக, வாடிக்கையாளர் ஒருவர் தம் சொந்தச் சொற்களில் இரண்டு பத்தி எழுதிய பரிந்துரை இன்றும் எனக்குப் பயன்படுகிறது.

டேனியல் லெவின், ஜார்ஜ் வால்டர், கீத் மர்னிகன் ஆகிய மூவர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைச் சில மாதங்களுக்கு முன்புதான் படித்தேன். குறைந்தது 3 ஆண்டுகளாகத் தொடர்பு விட்டுப்போன பழைய அறிமுகங்களிடம் தங்கள் வேலை குறித்து ஆலோசனை கேட்கும்படி நிர்வாகிகளிடம் சொன்னார்கள். அப்படிக் கிடைத்த ஆலோசனை, அன்றாடம் பழகுபவர்களிடம் கிடைத்ததற்குச் சற்றும் குறையவில்லை. பழைய நம்பிக்கை அப்படியே இருக்க, இடைப்பட்ட காலத்தில் அவர்கள் புதியவற்றைக் கற்றிருந்தார்கள். மௌனம் உறவைக் கெடுத்துவிடுவதில்லை என்று இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டேன். கெடுப்பது எது என்பதற்கு என்னிடம் 14 வரிகள் இருக்கின்றன.

ஆகவே, தங்கையே, என் கணக்கில் இந்தத் தளத்துக்கு ஐந்துக்கு இரண்டு. வேலை வாங்கித் தந்ததற்கா இரண்டு என்று கேட்பாய். வேலை வாங்கித் தந்தவர் அந்த உலைக்காரர். அவருக்கும் எனக்கும் இடம் கொடுத்ததற்காகவும், பழைய பதிலைப் பத்திரமாக வைத்திருந்ததற்காகவும் அந்த இரண்டு. கணக்கு வைத்துக்கொள், சந்தா வேண்டாம். அமைப்புகளுக்குள் சென்று ஆண்டு நிறைவு அறிவிப்புகளை முதல் நாளே நிறுத்திவிடு. உன் துறையில் யாராவது உண்மையான கேள்வி கேட்டால், உனக்கு விடை தெரிந்தால், நேரம் எடுத்துக்கொண்டு எழுது. நான் இப்போது மாதம் ஒருமுறை, ஒரு மணி நேரம் ஒதுக்கி, இரண்டு பேருக்கு மட்டும் எழுதுகிறேன்.

உன் கேள்வி வந்த பிறகு, என் முதல் மேலாளரின் தொலைபேசி எண்ணைப் பழைய நண்பர் ஒருவரிடம் கேட்டு வாங்கி, ஞாயிறு அன்று அவரை அழைத்தேன். “என்னம்மா, எப்படி இருக்கிறாய்?” என்று அதே குரலில் தொடங்கினார். பேச்சினிடையே, அந்த நிறுவனத்தை விட்டு விலகி 3 ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன என்றார். பக்கத்தை மாற்றவில்லையாம். நான் கடைசியாக அனுப்பிய இரண்டு வாழ்த்துகளும் அவர் விட்டுவிட்ட வேலைக்குச் சொன்னவை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. “நீ வாழ்த்து அனுப்பியிருந்தாய். வேலையை விட்டுவிட்டேன் என்று எழுத மனம் வரவில்லை அம்மா, அதனால்தான் நன்றி என்று போட்டேன்” என்றார். 40 நிமிடம் பேசினோம். அழுத்தத்தை விட்டு ஓட்ட அளவீட்டுக்கு ஏன் மாறினார் என்பதையும் கேட்டுவிட்டேன். அவருடைய எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, தளத்தில் இருந்த அந்த 14 வரிகளையும் அழித்தேன்.