'வேலை உறுதி' என்றார்கள், 85,000 ரூபாய் போய்விட்டது: புரோகிராமிங் கற்க வருகிறவர்கள் கவனத்திற்கு

இன்று காலையும் வங்கிக் கணக்கிலிருந்து 5,000 ரூபாய் பிடித்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்திருக்கிறது. படிப்பு முடிந்துவிட்டது, வேலை இல்லை, தவணை மட்டும் தவறாமல் போகிறது. வயிறு எரிகிறது. கல்லூரி முடித்துச் சென்னைக்கு வந்து, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்கும் பிள்ளைகளுக்காக ஆத்திரம் ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன். எதைக் கற்பது, எங்கே கற்பது என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

வேலை வாங்கித் தருவதாக விளம்பரம் செய்யும் கணினிப் பயிற்சி நிறுவனம் அது. பெயரைச் சொல்லப்போவதில்லை. ஒன்றைச் சொன்னால் அதே தொழிலைச் செய்யும் மற்றவர்கள் நல்லவர்கள் என்றாகிவிடும்.

நான் பி.எஸ்சி. கணிதம். ஜாவாவா, பைத்தானா, வலைத்தளம் உருவாக்குவதா, டெஸ்டிங்கா, எது எனக்கு ஒத்துவரும் என்று கேட்கத்தான் அப்பாவுடன் போனேன். கவுன்சலர் என்று உட்கார்ந்திருந்தவர் ஒரு வரி நிரல்கூட எழுதச் சொல்லிப் பார்க்கவில்லை. மதிப்பெண் பட்டியலைப் புரட்டிவிட்டு, "கணிதம் படித்தவருக்கு டேட்டா சயின்ஸ்தான் தம்பி, யோசிக்கவே வேண்டாம்" என்றார். வகுப்பில் சேர்ந்த பிறகு விசாரித்தால், பி.காம். படித்தவருக்கும் மெக்கானிக்கல் படித்தவருக்கும் அதே டேட்டா சயின்ஸ். அவர்களிடம் இருந்ததிலேயே கட்டணம் அதிகமான படிப்பு அதுதான்.

அப்பா தயங்கினார். அதைப் பார்த்ததும் அந்த ஆள் மேசையைச் சுற்றி வந்து அப்பாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். காபி வரவழைத்தார். "ஐயா, என் சொந்தத் தங்கையை இதே பேட்ச்சில்தான் சேர்த்திருக்கிறேன். உங்கள் மகனுக்கு வேலை வாங்கிக் கொடுப்பது என் பொறுப்பு" என்றார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்களுக்கு இதெல்லாம் தெரியாது தம்பி, நீங்கள்தான் பார்த்துச் செய்ய வேண்டும்" என்றார். அந்தத் தங்கையை வகுப்பில் ஒருவரும் பார்த்ததில்லை.

மொத்தம் 85,000 ரூபாய். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து 25,000 கட்டினோம். மீதி 60,000 ரூபாய்க்கு வட்டியில்லாத் தவணை என்று சொல்லி ஆதார், பான் எண், ஒரு செல்ஃபி, ஓடிபி எல்லாவற்றையும் அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். உண்மையில் அது ஒரு நிதி நிறுவனத்தில் என் பெயரில் எடுக்கப்பட்ட கடன். பணம் நேராகப் பயிற்சி நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. இனி நான் படித்தாலும் பாதியில் நின்றாலும் தவணை என் தலையில். கட்டாமல் விட்டால் கடன் தகுதியைக் காட்டும் என் சிபில் மதிப்பெண்தான் கெடும், அவர்களுக்கு ஒன்றுமில்லை.

வகுப்பில் நடந்ததற்கு ஒன்று சொன்னால் போதும். பாஸ்டன் வீட்டு விலைத் தரவை வைத்து ஒரு புராஜெக்ட் கொடுத்தார்கள். முதல் வரியிலேயே பிழை வந்தது. அந்தத் தரவில் இனப்பாகுபாடு சார்ந்த ஒரு கணக்கு இருப்பதால் சைகிட்-லேர்ன் என்ற பைத்தான் நிரல் தொகுப்பு அதைத் தன் 1.2 பதிப்பிலேயே நீக்கிவிட்டது. அந்தப் பதிப்பு வந்தது 2022 டிசம்பரில். நீக்கிய காரணம் பிழைச் செய்தியிலேயே எழுதியிருக்கிறது. பயிற்சியாளர் அதைப் படிக்கவே இல்லை. "பழைய பதிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். மற்ற இரண்டு புராஜெக்ட்கள், ஆரம்பப் பாடங்களில் எல்லோரும் எடுக்கும் டைட்டானிக் பயணிகள் பட்டியலும் ஐரிஸ் பூக்களும். பேட்ச் முழுவதும் ஒரே கோப்பை நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டது.

நேர்முகத் தேர்வில் ஒரு நிறுவனம் என்னிடம் கேட்டது இவ்வளவுதான்: வாடிக்கையாளர் அட்டவணை ஒன்று, ஆர்டர் அட்டவணை ஒன்று, ஒரு ஆர்டர்கூடக் கொடுக்காதவர்களை தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் மொழியான எஸ்க்யூஎல்லில் எடுத்துக் காட்டு. இரண்டு அட்டவணைகளை இணைக்கும் லெஃப்ட் ஜாயின் தெரிந்தவர் ஒரு நிமிடத்தில் எழுதிவிடுவார். 85,000 ரூபாய் வாங்கியவர்கள் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

திரும்பிப் போய்க் கேட்டேன். "மார்க்கெட் டல், கொஞ்சம் பொறுங்கள்" என்றார்கள். பிறகு, கையெழுத்திட்ட படிவத்தில் கட்டணம் திருப்பித் தரப்படாது என்று இருப்பதாகக் காட்டினார்கள். பிறகு, கவுன்சலர் வேலையை விட்டுப் போய்விட்டாராம், அவர் சொன்னதற்கு நிறுவனம் பொறுப்பில்லையாம். அப்பா தொலைபேசியில் கெஞ்சினார், பேசிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டார்கள். கடைசியாக ஒருவர் ரகசியம் போல, "பயோடேட்டாவில் இரண்டு வருட அனுபவம் போட்டுக்கொள்ளுங்கள், சான்றிதழ் நாங்கள் தருகிறோம்" என்றார். அதற்குத் தனியாக 15,000 ரூபாய். பின்னணிச் சரிபார்ப்பில் வருங்கால வைப்பு நிதிக் கணக்கைப் பார்த்தால், எங்கே எப்போது வேலை செய்தோம் என்பது அப்படியே தெரிந்துவிடும். பொய் சிக்கினால் போவது என் வேலையும் என் பெயரும். பணத்தைப் பிடுங்கியது போதாதென்று என்னைத் திருடனாக்கவும் பார்த்தார்கள்!

எழுத எழுதக் கை நடுங்குகிறது. விரிவாகச் சொல்ல இப்போது பொறுமை இல்லை.

எந்தத் துறை என்பதைப் படிப்பை விற்பவரிடம் கேட்காதீர்கள், அந்த வேலையில் இருக்கிறவரிடம் கேளுங்கள். பைத்தானோ ஜாவாவோ ஏதோ ஒன்று, அதோடு எஸ்க்யூஎல், நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட். எந்தப் பக்கம் போனாலும் இவை வேண்டும். ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் என்.பி.டி.இ.எல். பாடங்கள் இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். ஹார்வர்டின் சிஎஸ்50 பாடமும் இலவசம். தவணை என்றால் கடன் கொடுப்பது யார் என்று கேளுங்கள், கடனின் வட்டி, கட்டணங்களைச் சொல்லும் முக்கிய விவரத் தாளை வாங்கிப் படிக்காமல் ஓடிபி சொல்லாதீர்கள். வாக்குறுதியை எழுத்தில் வாங்குங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமே கிடையாது.

85,000 ரூபாயையும் திருப்பிக் கேட்டு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். இதேபோல் ஏமாந்தவர்கள் ரசீதையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள், எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள்.