கடலூர் ஏலச்சீட்டு: எத்தனை வட்டிக்கு விழுகிறது?

சரக்கு இதுதான்: பதிவு பெற்ற ஏலச்சீட்டு, 20 பேர், 20 மாதம், ஆளுக்கு 5,000, மொத்தம் 1,00,000 ரூபாய், சீட்டு நடத்துபவருக்குக் கமிஷன் 5%. லாரன்ஸ் ரோடு கடைக்காரருக்கும் முதுநகர் படகுக்காரருக்கும் பழகிய கணக்கு. வட்டி எவ்வளவு என்று ஏஜெண்டைக் கேட்டால், "சீட்டுக்கு ஏதுங்க வட்டி, கழிவுதான்" என்பார். வட்டி தாராளமாக இருக்கிறது. எந்த மாதம், எவ்வளவு தள்ளி (அதாவது மொத்தத்தில் எவ்வளவு விட்டுக்கொடுத்து) எடுக்கிறீர்கள் என்பதில் ஒளிந்திருக்கிறது, அவ்வளவே.

ஒரு மாதிரி ஏலம் வைத்துக்கொள்வோம். முதல் 5 மாதம் தள்ளு 30,000. அடுத்த 5 மாதம் 25,000. அதற்கடுத்த 5 மாதம் 15,000. பிறகு 4 மாதம் 10,000. கடைசி மாதம் கமிஷன் 5,000 மட்டும். தள்ளில் கமிஷன் போக மீதியை இருபதால் வகுத்தால் ஆளுக்குக் கழிவு. அதனால் தவணை 3,750-ல் தொடங்கி 4,000, 4,500, 4,750 என்று ஏறி 5,000-ல் முடியும். யார் எடுத்தாலும் மொத்தம் கட்டுவது 85,250.

கடைசி ஆள் 95,000 வாங்குகிறார். மாதம் 1.19%, ஆண்டுக்கு 14.3%. நல்ல வருமானம்தான், ஆனால் ஜாமீன், காகிதம் என்று பணம் ஒரு மாதம் தாமதமாகக் கைக்கு வந்தால் அது 12.9% ஆகிவிடும். கமிஷன்தான் இன்னும் பெரிய ஓட்டை. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 7% வரை வாங்கலாம். அதே ஏலத்தில் 7% எடுத்தால் கடைசி ஆளுக்கு 8.6%தான் நிற்கும். வெறும் ரெண்டு சதவீதம் என்று தோன்றும். அது மாதாமாதம் முழு லட்சத்தின்மேல் விழுகிறது என்பதை மறந்துவிடுகிறோம். கமிஷனுக்கு ஜிஎஸ்டி வேறு, 2022 ஜூலையிலிருந்து 18%. அதை யார் தலையில் கட்டுகிறார்கள் என்று ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் மாதம் எடுப்பவர் கையில் 70,000. அன்றைய தவணை போக 66,250. மீதி 19 மாதத்தில் 81,500 கட்டுகிறார். மாதம் 2.05%, ஊர் வழக்கில் ரெண்டு வட்டி. அவசரத்துக்கு இது மோசமில்லை.

வில்லங்கம் நடுவில். 10-ஆம் மாதம் 25,000 தள்ளி 75,000 எடுப்பவருக்கு எக்ஸெலில் ஐஆர்ஆர் (போட்டதையும் வாங்கியதையும் சமன் செய்யும் வட்டி விகிதம்) போட்டுப் பாருங்கள், விடைக்குப் பதில் பிழைதான் வரும். எக்ஸெல் மேல் குற்றமில்லை. முதலில் கட்டுகிறார், நடுவில் வாங்குகிறார், மறுபடி கட்டுகிறார். பணத்தின் குறி இரண்டு முறை மாறுகிறது. கணித அறிஞர் டெகார்த்தின் குறி விதிப்படி இப்படிப்பட்ட சமன்பாட்டுக்கு இரண்டு விடை இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். இந்த எண்களுக்கு ஒன்றும் இல்லை.

ஆகவே வேறு வழியில் போக வேண்டும். அதுவரை கட்டிய 38,750-ஐ மாதாமாதம் 7% வங்கி ஆர்.டி.யில் (தொடர் வைப்பில்) போட்டிருந்தால் சுமார் 39,760 ஆகியிருக்கும். அந்தப் பணம் அவருடையதே. 75,000-ல் அதைக் கழித்தால் மீதி 35,240தான் உண்மையான கடன். அதற்கு அடுத்த 10 மாதத்தில் கட்டுவது 46,500. மாதம் 5.3%! முதல் மாதம் எடுத்தவருக்கு ரெண்டு வட்டி, பத்து மாதம் பொறுத்தவருக்கு அஞ்சு வட்டிக்கு மேல். ரெண்டு வட்டியோடு நிறுத்த வேண்டுமானால் 10-ஆம் மாதம் சுமார் 18,000-க்கு மேல் தள்ளக் கூடாது. ஏலத்தில் உட்காரும் முன் இந்த எண்ணைச் சட்டைப்பையில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. சூடு ஏறிய பிறகு யாரும் கணக்குப் போடுவதில்லை.

வட்டியைப் பொறுமையின்மையும் முதலீட்டு வாய்ப்பும் சேர்ந்து தீர்மானிக்கின்றன என்று 1930-ல் பொருளாதார அறிஞர் இர்விங் ஃபிஷர் எழுதினார். கடலூர் ஏலத்துக்கு அது அப்படியே பொருந்தும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்த நாட்களில்தான் படகு பழுதுபார்ப்புச் செலவு, கூடவே பள்ளிக் கட்டணம். வருமானம் நின்று செலவு ஏறும்போது தள்ளு ஆழமாகப் போவதில் ஆச்சரியமில்லை. அவசரமில்லாதவர் அந்த மாதங்களில் வாயைத் திறக்காமல் கழிவை வாங்கிக்கொள்ளலாம். படகுக்காரர் நிறைந்த குழுவில் மாதச் சம்பளக்காரர் சேர்ந்தால் அவருக்கு லாபம். எல்லாரும் ஒரே தொழில் என்றால் எல்லாருக்கும் ஒரே மாதத்தில் பணம் வேண்டியிருக்கும்.

சேமிப்பாக 5% கமிஷனில் எடுத்துக்கொள்ளலாம், 7%-ல் வேண்டாம். கடனாக, முதல் சில மாதங்கள் சரி. நடு மாதத்தில் ஆழத் தள்ளுவதைவிட நகைக்கடனே மேல்.

சேரும் முன் அரசின் முன் அனுமதி, பதிவு எண், தொடக்கச் சான்றிதழ், பதிவாளர் பெயரில் வைத்த டெபாசிட் ரசீது ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். தகராறு வந்தால் சிவில் கோர்ட் போக முடியாது, சீட்டுப் பதிவாளரிடம்தான் போக வேண்டும். புதுச்சேரி தனி யூனியன் பிரதேசம் என்பதால் அங்கே பதிவான சீட்டுக்குக் கடலூரில் மனு கொடுத்துப் பயனில்லை. ஆள் பிடிப்பது கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலும் பதிவு புதுச்சேரியிலும் இருக்கலாம். ஒப்பந்தத்தில் எந்த ஊர் முத்திரை என்று கையெழுத்துப் போடும் முன்பே பாருங்கள்.