ஒரு பட்டனா, நான்கா, இரண்டா: மூன்று டைவ் கம்ப்யூட்டர்களைப் பழகிப் பார்த்ததில்

அன்றைக்கு இரண்டாவது ஸ்கூபா டைவ். ஆழம் 22 மீட்டர். இடது மணிக்கட்டில் பழைய டைவ் கம்ப்யூட்டர் (இந்த ஆழத்தில் இன்னும் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று கணக்கிட்டுச் சொல்லும் கருவி), வலதில் புதியது. இன்னும் 9 நிமிடம் இருக்கலாம் என்கிறது பழையது. புதியது 15 என்கிறது. உடம்பு ஒன்று, தண்ணீர் ஒன்று, டேங்கும் ஒன்றுதான். எந்த எண்ணை நம்புவது?

புது கம்ப்யூட்டர் வாங்குகிற எல்லோருக்கும் இந்தக் கேள்வி வரும், வரவும் வேண்டும். எந்த பட்டனை அழுத்தினால் எந்த மெனு வரும் என்பதை ஒரு மாலையில் கற்றுக்கொள்ளலாம். திரையில் இருக்கும் எண் நம்மிடம் என்ன சொல்கிறது என்பதுதான் நாள் பிடிக்கும். நான் கையில் கட்டிப் பழகிய மூன்றை அந்தக் கண்ணோட்டத்தில்தான் ஒப்பிடப் போகிறேன். கிரெஸ்ஸி லியோனார்டோ நான்கு வருடம் என்னோடு இருந்தது. சூன்டோ ஜூப் நோவோவை நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கி ஒரு பயணம் முழுக்கக் கட்டியிருந்தேன். ஷியர்வாட்டர் பெரக்ரின் இப்போது பழகிக்கொண்டிருப்பது.

முதலில் பட்டன்.

லியோனார்டோவில் ஒரே ஒரு பட்டன். சின்னதாக அழுத்தினால் அடுத்த பக்கம், கொஞ்ச நேரம் பிடித்து அழுத்தினால் உள்ளே போகும். பெட்டியைப் பிரித்துப் பத்து நிமிடத்தில் கைக்கு வந்துவிடும். ஆனால் பின்னால் போக வழியில்லை. டேங்கில் இருக்கும் வாயுவின் ஆக்சிஜன் சதவீதத்தை 21ல் இருந்து 32க்கு மாற்ற ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போக வேண்டும். கை தவறி 33 ஆகிவிட்டால் 50 வரை போய், மறுபடி 21ல் தொடங்கி வர வேண்டும். படகு ஆடும்போது, ஈரக் கையோடு, மற்றவர்கள் தண்ணீரில் இறங்கத் தயாராக நிற்கும்போது இந்தச் சுற்று எவ்வளவு நீளமாகத் தெரியும் என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். “சரி, 33தானே, இருக்கட்டும்” என்று விடத் தோன்றும். அப்படி விடவே கூடாது.

ஜூப் நோவோவில் நான்கு பட்டன்கள்: மோட், செலக்ட், மேலே, கீழே. முதல் நாள் தலை சுற்றும். மூன்றாம் நாள் லியோனார்டோவை விட இதுதான் வேகம், ஏனென்றால் மேலேயும் போகலாம், கீழேயும் வரலாம். ஒவ்வொரு பட்டனுக்கும் தனி வேலை இருப்பதால் விரல் தானாகவே இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும்.

பெரக்ரினில் இரண்டு பட்டன். மெனுவுக்குள் போனதும் இடது பட்டன் இப்போது என்ன செய்யும், வலது பட்டன் என்ன செய்யும் என்பது திரையின் அடியிலேயே எழுதி வருகிறது. எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆறு மாதம் டைவ் போகாமல் இருந்துவிட்டு எடுத்தாலும் தடுமாற்றம் இல்லை. வருடத்துக்கு இரண்டு தடவை மட்டும் கடலுக்குப் போகிறவருக்கு இந்த ஒரு காரணமே போதும் என்பது என் எண்ணம்.

அடுத்தது திரை. லியோனார்டோ, ஜூப் நோவோ இரண்டும் பழைய கைக்கடிகாரம் போன்ற கறுப்பு வெள்ளை எண்கள். வெயில் நன்றாக இறங்கும் தெளிந்த தண்ணீரில் குறையே இல்லை. கலங்கிய தண்ணீரிலும் இரவு டைவிலும் பட்டனை அழுத்தி விளக்கைப் போட வேண்டும். பெரக்ரினின் வண்ணத் திரை தானே ஒளிரும். ஆழத்தில் சிவப்பு நிறம் மங்கிப்போகுமே, சிவப்பு எச்சரிக்கை எப்படித் தெரியும் என்று எனக்கும் முதலில் சந்தேகம் இருந்தது. மேலிருந்து வரும் சூரிய ஒளி பல மீட்டர் தண்ணீரைக் கடந்து வருவதால்தான் அதிலுள்ள சிவப்பு தொலைகிறது. திரையின் ஒளி நம் கண்ணுக்கு வர ஒரு முழ தூரம்தான். சிவப்பு சிவப்பாகவே தெரிகிறது. நாற்பது வயதைத் தாண்டி, கிட்டத்தில் இருப்பதைப் படிக்கக் கையை நீட்டிப் பிடிப்பவர்கள் இந்தத் திரையை ஒரு முறை பார்த்துவிட்டால் பழையதற்குத் திரும்ப மாட்டார்கள்.

மேலே ஏறும் வேகத்தையும் பெரக்ரினும் ஜூப் நோவோவும் வேறு வேறு மாதிரி சொல்கின்றன. பெரக்ரினில் அம்புக்குறிகள் வரும். ஒரு அம்பு என்றால் நிமிடத்துக்கு 3 மீட்டர். மூன்று அம்பு வரை வெள்ளை, நான்கு, ஐந்து என்றால் மஞ்சள், ஆறு ஆனால் சிவப்பு. பார்த்ததும் புரியும். ஜூப் நோவோவோ நிமிடத்துக்கு 10 மீட்டரைத் தாண்டினால் மெதுவாகப் போ என்று சத்தம் போடும், அப்புறம் 6 மீட்டருக்கும் 3 மீட்டருக்கும் நடுவில் கட்டாய நிறுத்தம் ஒன்றைக் கேட்கும். எனக்கு நிதானமாக ஏறும் பழக்கம் வந்தது அந்த ஒரு வாரத்தில்தான்.

சரி, 9ஆ 15ஆ என்ற கேள்விக்கு வருவோம்.

ஆழத்தில் சுவாசிக்கும்போது உடம்பில் நைட்ரஜன் சேரும்; எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதை முடிவு செய்வது அதுதான். ஆனால் எந்த டைவ் கம்ப்யூட்டரும் நம் ரத்தத்தில் நைட்ரஜன் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதில்லை. அதற்குத் தெரிந்தது ஆழம், நேரம், டேங்கில் என்ன வாயு என்று நாம் சொன்னது, அவ்வளவுதான். மற்றதெல்லாம் கணக்கு. 1908ல் ஜான் ஸ்காட் ஹால்டேன் பிரிட்டிஷ் கடற்படைக்காக ஆடுகளை வைத்துச் சோதித்து, உடம்பை ஐந்து கற்பனைத் திசுக்களாகப் பிரித்தார். ஒவ்வொன்றும் நைட்ரஜனை வெவ்வேறு வேகத்தில் உறிஞ்சும், வெவ்வேறு வேகத்தில் விடும். அவர் கணக்கில் மிக மெதுவான திசு பாதி நிரம்ப 75 நிமிடம். பின்னால் ஜூரிக்கில் ஆல்பர்ட் பியூல்மன் அதைப் பதினாறு திசுக்களாக விரித்தார். அதில் மிக மெதுவானது பாதி நிரம்ப 635 நிமிடம், அதாவது பத்தரை மணி நேரத்துக்கும் மேல். நேற்று போன டைவ் இன்றைய கணக்கில் ஏன் வருகிறது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

பெரக்ரின் இந்த பியூல்மன் கணக்கில் ஓடுகிறது. எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பதை இரண்டு எண்களால் சொல்லலாம். நடுத்தர அமைப்பு 40/85. தாராளமாக வேண்டுமென்றால் 45/95, இறுக்கமாக வேண்டுமென்றால் 35/75. நைட்ரஜன் வெளியேற, மேலே வரும் வழியில் நிறுத்தம் தேவைப்படாத சாதாரண டைவில் இரண்டாவது எண்தான் முக்கியம். 85 என்றால், பியூல்மன் வைத்த நைட்ரஜன் எல்லையில் 85 சதவீதத்தைத் தாண்டாமல் நீர்மட்டத்துக்கு வருகிறோம் என்று பொருள். லியோனார்டோவும் ஜூப் நோவோவும் ப்ரூஸ் வீன்கேயின் ஆர்ஜிபிஎம் (RGBM) என்ற கணக்கு முறையில், கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழிகளையும் கணக்கில் எடுக்கின்றன. அடுத்தடுத்த டைவ், குறைந்த இடைவேளை, வேகமாக ஏறியது என்று ஏதாவது இருந்தால் ஜூப் நோவோ அடுத்த டைவில் நேரத்தைச் சுருக்கிவிடும். எவ்வளவு ஜாக்கிரதை என்பதற்கு ஜூப் நோவோவில் பி0, பி1, பி2 என்றும் லியோனார்டோவில் எஸ்எஃப்0, எஸ்எஃப்1, எஸ்எஃப்2 என்றும் படிகள் உண்டு. பி1 வைத்தால் எவ்வளவு இறுக்கம் கூடுகிறது என்று அந்தப் பெயரைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. பெரக்ரினின் எண்கள் அந்த வகையில் நேர்மையானவை.

ஆக, 9 பொய்யும் இல்லை, 15 தப்பும் இல்லை. இரண்டு பேர் போட்ட இரண்டு மதிப்பீடு. அன்று நான் 9 நிமிடத்தை எடுத்துக்கொண்டு ஆழம் குறைந்த பக்கம் நகர்ந்தேன்.

எல்லையைத் தாண்டி, கேட்ட நிறுத்தத்தையும் செய்யாமல் மேலே வந்தால் மூன்றும் நடந்துகொள்ளும் விதத்தில்தான் பெரிய வேறுபாடு. லியோனார்டோவும் ஜூப் நோவோவும் 48 மணி நேரம் பூட்டிக்கொள்ளும், டைவ் கணக்குப் போட்டுத் தராது. பெரக்ரின் எச்சரிக்கும், ஆனால் பூட்டாது. தன் நிதானத்தின் மேல் இன்னும் நம்பிக்கை வராத புதியவருக்கு அந்தப் பூட்டு நல்லது என்று உறுதியாக நினைக்கிறேன்.

ஜூப் நோவோவில் ஒன்றை மட்டும் தரையிலேயே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். நிறுத்தமில்லாமல் மேலே வரக்கூடிய நேரம் தீர்ந்ததும் அந்த எண்ணுக்குப் பதிலாக, மேலே வர ஆகும் மொத்த நேரம் வந்து நிற்கும். 7 என்று இருந்தால் “இன்னும் 7 நிமிடம் இருக்கலாம்” என்று படித்துவிடக் கூடாது. மேலே வர குறைந்தது 7 நிமிடம் ஆகும் என்று அர்த்தம். இருக்க இருக்க அந்த எண் ஏறும்.

என் பிழை ஒன்றையும் சொல்கிறேன். எந்த கம்ப்யூட்டரிலும் நடக்கக்கூடியது. முந்தைய நாள் 36 சதவீத நைட்ராக்ஸில் (ஆக்சிஜன் கூட்டிய காற்றில்) போயிருந்தேன். மறுநாள் டேங்கில் சாதாரணக் காற்று, கம்ப்யூட்டரிலோ 36 அப்படியே. 22 மீட்டரில் பார்க்கிறேன், ஒரு மணி நேரத்துக்கும் மேல் காட்டுகிறது. டைவ் பார்ட்னரின் கையில் 30ஐ ஒட்டிய எண். அவர் கையைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. 36 சதவீதத்தில் 22 மீட்டர் என்பது நைட்ரஜன் கணக்கில் காற்றோடு 16 மீட்டரில் இருப்பதற்குச் சமம். என் கம்ப்யூட்டர் என்னை 6 மீட்டர் மேலே இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது. அதற்குமேல் அவருடைய எண்ணை மட்டுமே பார்த்து, சீக்கிரமே ஏறினோம். அன்று முதல் டேங்கைச் சோதித்த கையோடு, வேறெதுவும் செய்யும் முன் கம்ப்யூட்டரில் எண்ணைப் போட்டு, அதைச் சத்தமாகப் பார்ட்னரிடம் சொல்கிறேன்.

பேட்டரி பற்றி நீட்ட ஒன்றுமில்லை. லியோனார்டோவிலும் ஜூப் நோவோவிலும் நாமே மாற்றக்கூடிய வட்ட பேட்டரி. மூடும்போது ஓ-ரிங்கில் (தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தில்) ஒரு மணல் துகளோ முடியோ இருந்தால் உள்ளே தண்ணீர் போகும். பெரக்ரினைத் திறக்கும் வேலையே இல்லை, சார்ஜர் மேல் வைத்தால் போதும். சார்ஜ் போட மறக்காமல் இருக்க வேண்டும்.

பழகும் முறை என்று கேட்டால், முதலில் வீட்டில் உட்கார்ந்து திட்டமிடும் பகுதியைத் திறங்கள். மூன்றிலும் அது உண்டு. 18 மீட்டருக்கு எத்தனை நிமிடம், 30 மீட்டருக்கு எத்தனை என்று பாருங்கள். பாடி (PADI) என்ற டைவ் பயிற்சி அமைப்பின் அட்டவணையில் இவை 56ம் 20ம். உங்கள் கம்ப்யூட்டர் அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்தாலே அதன் குணம் பிடிபடும். ஜாக்கிரதை அளவை ஒரு படி ஏற்றிவிட்டு மறுபடி பாருங்கள்.

அப்புறம், பயணத்தின் நடுவில் கம்ப்யூட்டரை மாற்றாதீர்கள். புதியதற்கு நேற்றைய நைட்ரஜன் தெரியாது. நீங்கள் இன்றுதான் முதலில் இறங்குகிறீர்கள் என்று நினைத்துத் தாராளமாக நேரம் கொடுக்கும். ஒருவர் கட்டியதை அடுத்த டைவுக்கு இன்னொருவர் கட்டுவதும் இதே காரணத்தால் கூடாது. பயணத்தின் முதல் டைவிலிருந்தே இரண்டையும் கட்டிக்கொண்டு, எது குறைவாகச் சொல்கிறதோ அதைக் கேட்டு நடப்பதுதான் நான் கண்ட நல்ல வழி.

எனக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பெரக்ரின்தான். ஆனால் முதல் வருடத்தில் இருக்கும் ஒருவர் கேட்டால் ஜூப் நோவோவைச் சொல்வேன், அதன் கண்டிப்புக்காக. லியோனார்டோ, டேங்கில் சாதாரணக் காற்றோடு மட்டும் போகிறவருக்கு, அமைப்பை அடிக்கடி மாற்றாதவருக்குப் பொருந்தும்.

இப்போது பெரக்ரின் இடது கையில், லியோனார்டோ வலது கையில். போன டைவின் முடிவில் 5 மீட்டரில் நின்று இரண்டையும் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். பாதுகாப்புக்காக நிற்கும் மூன்று நிமிடத்தை இரண்டும் சில நொடி வித்தியாசத்தில் குறைத்துக்கொண்டே வந்தன. பிந்தி முடித்ததற்காகக் காத்திருந்து ஏறினேன்.