தங்க நிறத்தைப் பார்த்து "கோபால்ட்" டிரில் பிட் வாங்கிவிடாதீர்கள்

காரைக்குடிப் பக்கம் பழைய வீட்டு வேலை எடுத்திருப்பவர்கள், கிரில் பட்டறைக்காரர்கள், வீட்டில் சொந்தமாக டிரில்லிங் மிஷின் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு. டவுனில் ஒரு ஹார்டுவேர் கடையில் 19 பிட் அடங்கிய செட் ஒன்று 650 ரூபாய்க்கு விற்கிறார்கள். 1 மி.மீ. முதல் 10 மி.மீ. வரை, அரை அரை மி.மீ. ஏற்றம். பளபளவென்று தங்க நிறம். "டைட்டானியம் கோபால்ட் சார். எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்), கல்லு, மரம், எல்லாத்துக்கும் இது ஒண்ணு போதும்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டுதான் வந்தது.

3 மி.மீ. எஸ்.எஸ். பட்டை, 5 மி.மீ. பிட், சென்டர் பஞ்ச் அடித்து, கட்டிங் ஆயில் விட்டு, நிமிடத்துக்குச் சுமார் 600 சுற்று வேகம். அரை மி.மீ. இறங்குவதற்குள் கீச்சென்று கத்தியது. சுருள் வரவில்லை, தூள்தான் வந்தது. எடுத்துப் பார்த்தால் முனை நீலம் பாரித்து, வெட்டும் மூலை இரண்டும் உருண்டு போயிருந்தன. தின்னர் நனைத்த துணியால் துடைத்ததும் தங்க நிறம் துணிக்கு வந்துவிட்டது. திருப்பிக் கொண்டுபோனால், "ஸ்பீடு அதிகமா வச்சிருப்பீங்க" என்று ஒரே பதில். எஸ்.எஸ்.ஸில் 5 மி.மீ. பிட்டுக்கு இது அதிக வேகமே இல்லை.

அசல் டைட்டானியம் நைட்ரைடு பூச்சு சில மைக்ரான் கனம்தான்; ஆனால் தின்னருக்கோ நகத்துக்கோ அசையாது. அதுவும் மேல்பூச்சு மட்டுமே, சாணை பிடித்தால் முனையில் போய்விடும். கோபால்ட் என்பது பூச்சே இல்லை, எஃகோடு உருகிக் கலந்திருப்பது: எம்35 என்றால் 5 சதவீதம், எம்42 என்றால் 8 சதவீதம். ஆகவே நிறத்தைப் பார்த்து கோபால்ட் என்று யாராலும் சொல்ல முடியாது. காந்தமும் உதவாது, எல்லாமே ஒட்டும்.

கண்டுபிடிக்க நம்பகமான வழி சாணைக்கல். கண்ணாடி போட்டுக்கொண்டு, பிட்டின் வெட்டும் பகுதியை லேசாகத் தொடவிடுங்கள் (பிடிக்கிற காம்பு சில பிட்டில் வேறு எஃகு). வெள்ளையும் மஞ்சளுமாக மத்தாப்பு போல வெடித்துச் சிதறினால் அது சாதாரணக் கார்பன் எஃகு. மங்கலான செம்பொறி, வெடிப்பு குறைவாக வந்தால் எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்). இந்தச் செட்டில் வந்தது மத்தாப்பு. கார்பன் எஃகு 200 டிகிரி தாண்டினாலே மெத்தென்று ஆகத் தொடங்கும்; நீலம் ஏறினால் சுமார் 300 டிகிரியைப் பார்த்துவிட்டது என்று அர்த்தம். எச்.எஸ்.எஸ். 600 டிகிரி வரை தாங்கும், நீலம் ஏறினாலும் வெட்டும். முனைக் கோணத்தையும் பாருங்கள்: எஸ்.எஸ்.ஸுக்கான நல்ல பிட் 135 டிகிரியில், நடுவில் பிளவுத் தீட்டலோடு வரும். இதில் இருந்தது 118, அதுவும் ஒரு பக்க விளிம்பு நீளம், மறுபக்கம் குட்டை. அப்படி இருந்தால் துளை பெரிதாகும்.

"கல்லுக்கும் இதுவே" என்பது அடுத்த பொய். சுவருக்கு நுனியில் கார்பைட் துண்டு பற்றவைத்த மேசனரி பிட்தான். எச்.எஸ்.எஸ். ஒரே துளையில் மழுங்கும். நம் பக்கத்து வழுவழுப்பான சுண்ணாம்புப் பூச்சுச் சுவரில் மிஷினின் ஹேமரை (தட்டித் தட்டித் துளைக்கும் முறை) போட்டால் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும். டேப் ஒட்டி, ஹேமரை அணைத்து, முதலில் 4 மி.மீ., பிறகு 6 மி.மீ. சுண்ணாம்புச் சாந்து இடுக்கில் பிளக் பிடிக்காது, செங்கல் இருக்கும் இடமாகத் தேடித் துளை போடுங்கள்.

ஆத்தங்குடிக் கல் சுடாத சிமெண்ட் கல், வண்ணம் மேல் அடுக்கில் மட்டும். ஹேமர் பட்டால் வண்ண அடுக்கு சில்லுசில்லாகப் பெயரும், புதுக் கல் வாங்கிப் போட்டாலும் பழைய நிறத்தோடு சேராது. ஈட்டி முனைக் கார்பைட் பிட், மெதுவான வேகம், ஸ்பாஞ்சால் தண்ணீர். கிரானைட்டுக்கும் விட்ரிஃபைடு டைலுக்கும் வைரக் கோர் பிட்: சாய்த்துத் தொடங்கி நிமிர்த்துங்கள், தண்ணீர் விடுவதை நிறுத்தக் கூடாது.

பர்மா தேக்கு நிலையில் பூட்டு மாற்றுகிறவர்கள் தட்டைப் பிட்டை மறுபக்கம் வரை விட்டுவிடுகிறார்கள். அங்கே சிராய் பெயர்ந்து வரும். நடுமுள் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, மறுபக்கத்திலிருந்து துளையுங்கள். சின்னத் துளைக்கு நடுவில் முள் உள்ள மரப்பிட் போதும்.

வாங்கும்போது பில்லில் "எச்.எஸ்.எஸ். கோபால்ட் 5%" என்று எழுதச் சொல்லுங்கள். தரமான செட் 650 ரூபாய்க்கு வராது; தினமும் தேவைப்படும் 3.3, 5, 6, 6.8, 8.5 மி.மீ. பிட்களை மட்டும் தனித்தனியாக வாங்கினால் கட்டுப்படியாகும். பில் தர மறுத்தால் அந்தக் கடையை விட்டு இறங்கிவிடுங்கள். பில்லோடு ஏமாந்திருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது; தேய்ந்த பிட்டையும் பெட்டியையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.