கிளான்டார்ஃப் கடற்கரை: பல கோடைகள் போய்வந்த அனுபவம்

சிட்னியில் சின்னப் பிள்ளைகளையும் வயதானவர்களையும் சேர்த்துக் கூட்டிப்போக எந்தக் கடற்கரை நல்லது என்று யார் கேட்டாலும், கிளான்டார்ஃப் என்றுதான் சொல்வேன். பாண்டாய், மேன்லி எல்லாம் அழகுதான். ஆனால் அலை அடிக்கிற இடத்தில் பிள்ளையின் கையை விட்டுவிட்டு உட்கார முடியாது. கிளான்டார்ஃப், சிட்னி துறைமுகத்தின் ஒரு கிளையான மிடில் ஹார்பருக்குள் ஒதுங்கியிருப்பதால் தண்ணீர் பெரும்பாலும் குளம் மாதிரிதான். மெரினாவில் கால் நனைக்கவே பயப்படும் என் அம்மா, இங்கே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பேத்தியோடு முழங்கால் தண்ணீரில் நிற்பார்.

கோடையில் துறைமுகத்துக்குள் சுறா வருவதுண்டு. அதனால் வலை கட்டிய பகுதிக்குள்தான் நாங்கள் நீந்துவோம். ஒரு விஷயம் முக்கியம். கடல் வற்றும் நேரத்தில் போனால் வலைக்குள் ஆழமே இருக்காது. குழந்தைகளுக்குக் கொண்டாட்டம், நீந்த வந்த பெரியவர்களுக்கு ஏமாற்றம். கடல் ஏறும் நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அதாவது, இந்தச் சனிக்கிழமை காலை 10 மணிக்குக் கடல் நன்றாக ஏறியிருந்தால், அடுத்த சனிக்கிழமை அதே நேரத்தில் வற்றிக் கிடக்கும். கடல் ஏறி இறங்கும் நேரங்களைக் காட்டும் ஓத அட்டவணையைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். பாறைப் பக்கம் போனால் காலில் செருப்பு வேண்டும். ஒட்டியிருக்கும் சிப்பி ஓடுகள் தோலைக் கிழித்துவிடும்.

புல்வெளி விசாலமானது, பக்கத்திலேயே விளையாட்டுத் திடல், கழிப்பறை. பார்பிக்யூ அடுப்பு மின்சாரத்தில் ஓடுவது. பொத்தானை அமுக்கினால் சூடேறும், கொஞ்ச நேரத்தில் தானே அணைந்துவிடும், திரும்ப அமுக்க வேண்டும். அம்மா சைவம் என்பதால் தட்டின்மேல் அலுமினியத் தாளை இரண்டு அடுக்காக விரித்து முதலில் சோளமும் பனீரும் வாட்டிவிடுவோம், கோழி அப்புறம்தான்.

1868இல் விக்டோரியா ராணியின் மகன் ஆல்ஃபிரட் சுடப்பட்டது இங்கே நடந்த ஒரு விருந்தில்தான். அவர் பிழைத்ததற்கு நன்றியாக மக்கள் பணம் திரட்டி எழுப்பியதுதான் ராயல் பிரின்ஸ் ஆல்ஃபிரட் மருத்துவமனை. என் மகளிடம் இதைச் சொன்னபோது, எந்த மரத்தடியில் என்று தேட ஆரம்பித்துவிட்டாள்.

குறை என்றால் கார் நிறுத்தம். கட்டணமும் உண்டு, கோடை ஞாயிறுகளில் சீக்கிரமே நிரம்பியும் விடும். பலத்த மழை பெய்தால் துறைமுகத் தண்ணீரில் மூன்று நாள் இறங்காதீர்கள், வடிகால் அழுக்கெல்லாம் அதில்தான் கலக்கும். திரும்பும்போது படகுகளுக்காக ஸ்பிட் பாலத்தைத் திறந்தால் வண்டிகள் வரிசையில் நிற்கும். திறக்கும் நேரங்களை முன்பே அறிவித்திருப்பார்கள், பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.