"இல்லை" என்று சொல்லத் தெரிந்த கடை: மதுரையில் ஒரு நாட்டு உணவுப்பொருள் கடை

மதுரை கீழமாசி வீதியின் பலசரக்கு மொத்தக் கடைகளைத் தாண்டி ஒரு சந்துக்குள் திரும்பினால் இந்தக் கடை வரும். பத்தடி அகலம்தான் இருக்கும். செக்கு எண்ணெய், கருப்பட்டி, மரபு அரிசி, பால்கோவா, கடலை மிட்டாய், மலைத்தேன் என்று ஊர் ஊராகத் தேடிப் போய் வாங்க வேண்டியவற்றை ஒரே இடத்தில் வைத்து விற்கிறார்கள். மூன்று ஆண்டுகளாக மாதம் இருமுறையாவது போய் வருகிறேன். நிறையோடு குறையையும் எழுதப் போவதால் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன். இத்தகைய கடை ஒன்றை எதை வைத்து மதிப்பிட வேண்டும் என்பதை இந்தக் கடைதான் எனக்குக் கற்றுக் கொடுத்தது.

முதல்முறை போனது ஒரு தை மாதத்தில், கருப்பட்டிக்காக. அதற்கு முன்பு வேறொரு கடையில், பளபளப்பான அட்டைப்பெட்டியில் "அசல் பனங்கருப்பட்டி" என்று அச்சிட்டு விற்றதை வாங்கி ஏமாந்திருந்தேன். உடைத்த இடத்தில் சீனிப் பரல்கள் மின்னின; நாக்கில் வைத்தால் வெறும் இனிப்புதான், கருப்பட்டிக்கே உரிய அந்த இலேசான கரிப்பு துளியும் இல்லை. அதனால் இங்கேயும் சந்தேகத்தோடுதான் கேட்டேன். கடைக்கார அண்ணாச்சி ஒரு வட்டை எடுத்து, அதன் விளிம்பைத் தட்டி உடைத்து, ஒரு துண்டை என் உள்ளங்கையில் வைத்தார். சிரட்டையில் ஊற்றி எடுத்த வடிவம். உட்புறம் மங்கலான பழுப்பு. வாயில் போட்டதும் முதலில் புகை வாசம், பிறகு இனிப்பு, கடைசியில் சுண்ணாம்பின் சாயல். நன்றாக இருக்கிறது என்று இரண்டு கிலோ கேட்டேன். "இது போன வருசத்துச் சரக்கும்மா. இப்போதைக்கு அரைக்கிலோ போதும். புதுசு வேணும்னா சித்திரை வரைக்கும் பொறுத்துக்கோங்க" என்றார். விற்க வேண்டியவரே வாங்க வந்தவளைத் தடுத்ததை நான் அதுவரை கண்டதில்லை.

அவர் சொன்னதன் காரணம் தொழில் தெரிந்தவர்களுக்கு விளங்கும். தென்மாவட்டங்களில் பதநீர் இறங்குவது ஏறத்தாழ பங்குனியில் தொடங்கி ஆடி வரையில்தான். கள்ளாகப் புளித்துவிடாமல் இருக்கக் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவி, இறக்கிய பதநீரை அன்றன்றே காய்ச்சி, பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்ற வேண்டும். அந்தச் சில மாதங்களில் கிடைப்பதைத்தான் ஆண்டு முழுவதும் வைத்து விற்றாக வேண்டும். மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தை இழுத்துக் கருப்பட்டி கசியத் தொடங்கிவிடும். எல்லா மாதமும் ஒரே நிறத்தில், ஒரே விலையில், கேட்ட அளவுக்குக் கருப்பட்டி கிடைக்கிறது என்றால், அந்தக் கடையில் எதை விற்கிறார்கள் என்று கேட்டே ஆக வேண்டும். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நான் மனமார மகிழ்ந்தேன். ஆனால் குறியீடு பெயருக்குத்தான் காவல்; கடையில் நம் கைக்கு வரும் ஒவ்வொரு வட்டையும் அது சோதித்துத் தருவதில்லை. அந்த வேலையைக் கடைக்காரர்தான் செய்தாக வேண்டும்.

எண்ணெய் விஷயத்திலும் இதே நேர்மையைக் கண்டேன். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டரை கிலோ கடலைப்பருப்பு தேவை. பருப்பின் அன்றைய விலையை இரண்டரையால் பெருக்கிப் பார்த்தாலே, பிண்ணாக்கு விற்ற வரவைக் கழித்த பிறகும், மரச்செக்கு எண்ணெயை எந்த விலைக்குக் கீழே கொடுக்க முடியாது என்பது தெரிந்துவிடும். இங்கே விலை அந்தக் கணக்குக்குச் சற்று மேலேதான் நிற்கிறது. வாகைமரச் செக்கில் ஆட்டும் கூலி, எண்ணெய் தெளியும்வரை வெயிலில் வைக்கும் இரண்டு மூன்று நாள், அடியில் தங்கும் மண்டியால் ஏற்படும் கழிவு ஆகியவற்றைச் சேர்த்தால் அது நியாயமான விலைதான். நல்லெண்ணெய் ஆட்டும்போது எள்ளோடு கருப்பட்டி சேர்ப்பதால் வரும் மணம், குப்பியைத் திறந்ததும் சமையலறை முழுவதும் பரவுகிறது. தூக்குவாளி கொண்டு போனால் அதிலேயே அளந்து ஊற்றித் தருகிறார்கள்.

அரிசியில்தான் இந்தக் கடையின் உழைப்பை முழுமையாகப் பார்க்க முடிகிறது. மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, பூங்கார், தூயமல்லி, கிச்சிலிச் சம்பா என்று ஏழெட்டு வகைகள் இருக்கின்றன. எதுவும் பெரிய மூட்டையாக இல்லை. தவிடு நீக்காத அரிசியில் தவிட்டு எண்ணெய் அப்படியே இருப்பதால், நாட்பட்டால் சிக்கு வாடை வந்துவிடும், வண்டும் சீக்கிரம் விழும். அதனால் நெல்லாகவே இருப்பு வைத்திருக்கும் உழவர்களிடம் இரண்டு மூன்று வாரத் தேவைக்கு மட்டும் அரைத்து வாங்குகிறார்கள். வண்டிக்கூலி கூடுகிறது, சில வாரம் சில வகை தீர்ந்தும் போகிறது. ஆனாலும் வாங்கி வந்த கவுனியை இரவு ஊற வைத்து மறுநாள் வேகவைத்தபோது, ஒருமுறைகூட சிக்கு வாடை அடித்ததில்லை. பிரியாணிக்கான சீரகச் சம்பாவுக்கு மட்டும் பழைய அரிசியையே எடுத்துத் தருகிறார்கள். எதற்குப் புதியது, எதற்குப் பழையது என்ற அறிவு அந்தக் கடைப் பையன்களுக்கும் இருக்கிறது.

இந்த அரிசிகள் கடைக்கு வந்து சேர்ந்த வழியையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2006 முதல் நடத்திய நெல் திருவிழாவில், இரண்டு கிலோ விதைநெல் வாங்கிப் போகும் உழவர் மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பதே ஏற்பாடு. 2018இல் அவர் மறையும் முன்பு 170க்கும் மேற்பட்ட வகைகளை மீட்டிருந்தார். பையின் மேல் அரிசியின் பெயரோடு விளைந்த ஊரின் பெயரையும் எழுதி வைத்தால் அந்த உழைப்புக்குச் செய்யும் மரியாதையாக இருக்கும். அண்ணாச்சியிடம் கேட்டால் ஊரைச் சொல்கிறார், எழுதி வைப்பதில்லை.

இங்கிருந்துதான் என் குறைகள் தொடங்குகின்றன. மொத்தமாக வாங்கிச் சிறு பைகளில் கட்டும் மசாலாப் பொடிகளிலும் தேனிலும் அடைத்த தேதி இல்லை, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இல்லை. வாய்ச்சொல்லால் நம்பிக்கை பெற்ற கடை அதை எழுத்திலும் தர வேண்டும். அண்ணாச்சி கடையில் இல்லாத நாளில் வரும் புதியவர் யாரிடம் போய்க் கேட்பார்?

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. ஐக்கிய நாடுகள் அவை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு, வாசலையொட்டிய அலமாரி முழுவதும் சிறுதானிய நூடுல்ஸும் பிஸ்கட்டும் வந்து நிரம்பிவிட்டன. சேர்மானப் பட்டியலில் எடை அதிகமானதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது விதி. நான் எடுத்துப் பார்த்த இரண்டு பொட்டலங்களில் முதலில் இருந்தது கோதுமை மாவு. தினை மூன்றாவதாக வந்தது. கருப்பட்டியின் வயதைச் சொல்லி விற்பவர் இந்தப் பொட்டலங்களைத் தன் வாசலில் வைத்திருப்பது எனக்கு வருத்தம் தந்தது. அவரிடமே சொன்னேன். "வர்ற பிள்ளைங்க இதைத்தான் கேக்குதுங்கம்மா, வாடகை கட்டணும்ல" என்றார். அந்த நெருக்கடி உண்மைதான். அரிசியும் எண்ணெயும் மெதுவாக நகரும் சரக்கு, முதல் முடங்கிக் கிடக்கும். இருந்தாலும் வரகும் சாமையும் குதிரைவாலியும் பின்சுவரில் இருட்டில் இருக்க, கோதுமை மாவு கலந்தவை வெளிச்சத்தில் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கோவில்பட்டிக் கடலை மிட்டாய் எப்போது வாங்கினாலும் மொறுமொறுப்பாக இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா செவ்வாயும் வெள்ளியும் காலைப் பேருந்தில் பார்சலாக வந்து இறங்குகிறது. குளிர்பெட்டியில் வைத்து மறுவாரம் விற்கும் வழக்கம் இங்கே இல்லை. பதினொரு மணிக்கு மேல் போனால் பெரும்பாலும் காலித் தட்டுதான் இருக்கும். ஞாயிறு விடுமுறை. கருப்பட்டிக்காகப் போகிறவர்கள் சித்திரை பிறந்து பத்து நாள் கழித்துப் போகவும். போன ஆண்டு நான் போன அன்று, வட்டு இன்னும் ஓலைப்பெட்டியை விட்டு எடுக்கப்படாமல், பதநீர் மணத்தோடு இருந்தது.